விட்டுப்போன இரண்டு

காய்ச்சல் அவனுடைய இடது காதைக் கொண்டுபோனது. அவன் வகுப்பில் முதல் வரிசையைப் பிடித்தான். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றான். பிறகு கணக்கையே நம்பி நிற்கும் இயற்பியலில் முதுகலை வாங்கினான். இரண்டு முறை கைநழுவிய ஆய்வு உதவித்தொகை மூன்றாம் முறை கிடைத்தது. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டும் அவன் அக்கா, எட்டாம் வகுப்போடு நின்றவள், கேட்பவர்களுக்கெல்லாம் இதை வரிசை மாறாமல் சொல்வாள். கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

கனமான அணுக்கருக்கள் சில, வெகு அபூர்வமாக, ஒரு சிறு துண்டைத் தாமாகவே துப்பும். ரேடியம் கார்பனைத் துப்பும், யுரேனியம் நியானை. அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்கிடுவதுதான் தம்பியின் ஆய்வு.

“வீட்ல உடைச்ச டம்ளரெல்லாம் போதாதாடா உனக்கு?”

“நான் உடைக்கலக்கா. அது தானா உடையுது.”

“டம்ளருக்கும் இதத்தான் சொன்ன.”

ஐந்து வருட உழைப்பு. அட்டவணையின் பதினெட்டு வரிகளில் பதினேழு, ஆய்வகங்களில் அளந்த காலத்தோடு ஒட்டி வந்தன. யுரேனியம் வரி ஒன்று மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு பிசகியது.

“அந்த ஒரு வரிய எடுத்துடுப்பா, யார் கேக்கப்போறா?” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

தம்பி எடுக்கவில்லை. ‘இது என் சொந்த ஆய்வு, நானறிந்தவரை சரியானது’ என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்தும் போடவில்லை. செவ்வாய் மாலைக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் வீண்.

ஞாயிறு காலை அச்சுப்பிழை பார்க்க உட்கார்ந்தார்கள். அக்கா அவனுடைய வலது பக்கம் அமர்ந்து எண்களை வாசித்தாள். அவன் திரையில் ஒப்பிட்டான். வாசித்தபடியே அவள் ஓரத்தில் பென்சிலால் கூட்டிக்கொண்டும் போனாள். துண்டுகளின் அளவைக் கூட்டி முழுத்துணியோடு ஒப்பிடாமல் அவள் கத்தரியைத் தொட்டதேயில்லை.

“தோரியம் இருநூத்தி முப்பது. துண்டு இருபத்திநாலு, மிச்சம் இருநூத்தி ஆறு. சரி.” அடுத்த வரியில் நின்றாள். “டேய், இது யுரேனியம் இருநூத்தி முப்பத்திரெண்டு. இருபத்திநாலு போனா இருநூத்தி எட்டுல்ல வரணும்? இங்கயும் இருநூத்தி ஆறுன்னு போட்டிருக்க. மிச்ச ரெண்டு எங்கடா போச்சு?”

தம்பி தாளைப் பிடுங்கினான். மேல் வரியின் எண் கீழேயும் இறங்கியிருந்தது. அதை நம்பி, அணு நிறைப் பட்டியலில், மிஞ்சும் கருவான ஈயம் 208-க்குப் பதிலாக ஈயம் 206-ஐ எடுத்திருந்தான். அந்தப் பட்டியல் முழு எண்ணை விட்டுவிட்டுச் சில்லறை வித்தியாசத்தை மட்டும் தரும். அதனால் பிசகு இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியவில்லை.

“அச்சுல மட்டும் தப்பா?”

“கணக்குலயும் தப்புக்கா!”

தப்பைச் சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்டவனை அவள் பார்த்ததில்லை.

தம்பி எண்ணைத் திருத்திக் கணக்கைக் கணினியில் மறுபடி ஓடவிட்டான். புதிய விடை, அளந்த காலத்தின் இரண்டு மடங்குக்குள் வந்து நின்றது. தம்பி நாற்காலியில் சரிந்து சிரித்தான்.

“என் கணக்குமுறை சரிதான்க்கா. நான்தான் மக்கு.”

“அது எனக்கு எப்பவோ தெரியும்,” என்று மூக்கை உறிஞ்சினாள் அக்கா.

அவள் அரைநாள் விடுப்பெடுத்துப் பக்கத்தில் நிற்க, தன் ஆய்வின் கீழ் அவன் முதன்முதலாகக் கையெழுத்திட்டது: 2015 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது.