மரத் தொட்டியருகே என் இடத்தில் நின்றவள்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாரிஸில், லா ஷப்பெலில், நான் கோப்பை கழுவுகிற சாப்பாட்டுக்கடையின் சாமான் அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். நான் நிற்க வேண்டிய இடமோ இங்கிலாந்தில், ஒரு சின்னக் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில்.

பிள்ளைகளே, எனக்கு ஒரேயொரு தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளை நேரே பார்க்கவில்லை. நான் பிரான்சுக்கு வந்து சேர்ந்தேன். அவள் படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போய், அந்த நாட்டுக்காரர் ஒருவரையே கலியாணம் செய்தாள். கலியாணத்துக்குப் போக எனக்கு விசா தரவில்லை. இங்கிலாந்து ரயில் புறப்படுகிற கார் து நோர் நிலையம் எங்கள் கடையிலிருந்து நடை தூரம்தான். ஆனால் என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு கடலுக்கு இந்தப் பக்கம்தான் சுற்றலாம்.

கனகாலம் காத்திருந்து தங்கச்சிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, ஞானத்தகப்பன் நீங்கள்தான். நான் வேற ஆரையும் கேக்கமாட்டன்."

ஞானத்தகப்பன் என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அவர் பிள்ளையின் பக்கத்தில் நிற்க வேண்டும். சுவாமியார், அதாவது பாதிரியார், தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைக்குப் பேச்சு வராதே, அதனால் சுவாமியார் கேட்கிற கேள்விகளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தங்கச்சியின் கணவர் வீட்டார் வேறு சபை. அவர்களுடைய ஊர்க் கோயிலில் மரத்தால் செய்த ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது. கணவரும், அவருடைய தகப்பனும், அதற்கு முந்தியவர்களும் அதில்தான் ஞானஸ்நானம் பெற்றார்களாம். அதனால் பிள்ளைக்கும் அங்கேதான் என்று முடிவாயிற்று. நான் கண்டதெல்லாம் கல் தொட்டிதான். எனக்கு ஒரே யோசனை.

"மரமெண்டா ஒழுகாதோ பிள்ளை?"

"உள்ளுக்கு ஈயத்தகடு அடிச்சிருக்கு அண்ணை. நானூறு ஐந்நூறு வருசமா ஒழுகாதது நீங்கள் வாற அண்டைக்குத்தான் ஒழுகப்போகுதோ?"

சிரித்தோம். அவளுடைய சிரிப்பு மாறவில்லை.

விசாவுக்கு விண்ணப்பித்து, பயணப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை வாங்கினேன், மெழுகுதிரி வாங்கினேன். இரண்டையும் ஞானத்தகப்பன் கொண்டுபோவதுதான் முறை. நாள் நெருங்கியும் புத்தகம் திரும்பி வரவில்லை. என் மனைவியும் மகளும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். அவர்கள் இரண்டு பேரும் சட்டையையும் மெழுகுதிரியையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார்கள். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற தடுப்புக்கு அந்தப் பக்கம் போனபின்னும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கடையில் சனம் அதிகம். இருந்தாலும் முதலாளியிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு சாமான் அறைக்குள் போனேன். அரிசி மூட்டையின் மேல் போனைச் சாத்தி வைத்தேன். மகள் அங்கிருந்து வீடியோவில் படம் காட்டினாள். முதலில் கூரை, பிறகு நிலம், பிறகு அந்தத் தொட்டி. எட்டுப் பக்கமும் கறுத்துப்போன மரம். ஒவ்வொரு பக்கத்திலும் செதுக்கு வேலை.

"உரல் மாதிரிக் கிடக்கு," என்றேன்.

தங்கச்சியின் குரல் மட்டும் கேட்டது. "கோயிலுக்குள்ள வாயைப் பாருங்கோ அண்ணை!"

பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். நான் வாங்கிய சட்டை அவளுக்குக் காலுக்குக் கீழேயும் தொங்கியது. அந்தக் கோயிலில் சுவாமியார் ஒரு பெண். அவர் புத்தகத்தை விரித்தார். நான் என்னை அறியாமலே வலது கையைப் போனை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றேன், பிள்ளையைத் தொடுகிற மாதிரி.

அந்த நேரம் படம் நின்றுவிட்டது. தடித்த கல்லுச் சுவர்களுக்குள் சிக்னல் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கையை மட்டும் மடக்க மனம் வரவில்லை. இப்போது தண்ணீர் ஊற்றுவார்கள், இப்போது ஊற்றுவார்கள் என்று அப்படியே நின்றேன்.

முதலாளி கதவைத் திறந்தார்.

"என்னடாப்பா, அரிசி மூட்டைக்கு ஆசீர்வாதமோ? அங்கை பத்து மேசை காத்துக்கிடக்கு!"

"தங்கச்சியின்ர பிள்ளைக்கு ஞானஸ்நானம் அண்ணை. நான்தான் ஞானத்தகப்பன். லைன் அறுந்து போச்சு."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நில்லு, நில்லு. முடிச்சுப்போட்டு வா. கோப்பையளை நான் பாக்கிறன்," என்று கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். அவர் சைவ சமயத்தவர். அன்றைக்குப் பாதிக் கோப்பைகளை அவரே கழுவினார்.

என்ன நடந்தது என்று தங்கச்சி பின்னேரம்தான் சொன்னாள். ஞானத்தகப்பன் வர முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக ஒருவர் நிற்கலாமாம். தன் கணவரின் தம்பியைத்தான் அவள் ஒழுங்கு செய்திருந்தாள். ஆனால் சுவாமியார் "யார் நிற்கிறீர்கள்?" என்று கேட்டதும், போன் நின்றுபோன கோபத்தில் இருந்த என் மகள் முன்னுக்குப் போய்விட்டாள். ஒரு கையால் தொட்டி விளிம்பைப் பிடித்து, மற்றக் கையைப் பிள்ளையின் தோளில் வைத்தாளாம். சுவாமியார் சிரித்துக்கொண்டு, "அப்பா எந்த மொழியில் பதில் சொல்லியிருப்பாரோ, அதிலேயே சொல்லு," என்றாராம்.

என் மகள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். அங்கே, வெள்ளைக்காரர் நிறைந்த கோயிலில், ஆம் என்பதை எங்கள் யாழ்ப்பாணத்துச் சொல்லிலேயே இப்படிச் சொன்னாளாம்:

"ஓம். அப்பாவும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார். அவரை வர விடேல்லை. அதாலை நான் சொல்லுறன்."

சொல்லிமுடித்துத் தங்கச்சி போனிலேயே அழுதாள். நானும் அழுதேன்.

மகள் திரும்பி வந்ததும், "அப்பிடியெல்லாம் சொன்னியாமே அம்மா?" என்று கேட்டேன். பிரெஞ்சில் "அது ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். சாப்பிடும்போது அவளாகவே ஒரு விஷயம் சொன்னாள். அந்தத் தொட்டியின் எட்டுப் பக்கத்திலும் செதுக்கு வேலைக்கு நடுவே முன்பு உருவங்கள் இருந்தனவாம். ஒரு காலத்தில் யாரோ அவற்றைச் சீவி எறிந்துவிட்டார்களாம். ஆட்கள் நின்ற அடையாளம் மட்டும் மரத்தில் இருக்கிறதாம். அதற்காக ஊரார் தொட்டியைத் தூக்கி எறியவில்லை, தங்கள் பிள்ளைகளை இன்னும் அதற்குத்தான் கொண்டுவருகிறார்கள் என்றாள்.

என் பயணப் புத்தகம் பிறகு வந்தது, விசா இல்லாமல். தங்கச்சியின் பிள்ளை இப்போது ஓடித் திரிகிறாள். போனைக் கண்டால் "மாமா" என்கிறாள். நான் அவளுக்கு ஞானத்தகப்பன்தான், அதில் ஒரு குறையும் வராமல் என் மகள் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பிள்ளையை ஒருமுறை என் கையால் தூக்கும்வரைக்கும், அந்த ஞானஸ்நானம் எனக்குள் இன்னும் முடியாமல்தான் இருக்கும்.