ராயபுரத்தில் பிறந்த மைனஸ் மார்க்

திருவொற்றியூரில் இரண்டு கிடங்கு, எண்ணூர் சாலையில் லாரி ஷெட், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி, ராயபுரத்தில் மூன்று மாடி வீடு. இத்தனையும் அஞ்சாங்கிளாஸைத் தாண்டாத ஒருவன் கட்டியவை. ஒரு புயல் கிடங்குக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மறு மாதமே வேறு கூரை போட்டேன். பெரிய படிப்புப் படித்த ஒருவர் எனக்குப் போட்டியாகக் கம்பெனி திறந்தார். இன்று அவர் பிள்ளை என்னிடம் மேனேஜர். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்றை நான் இருபது வயதிலேயே செய்திருக்கிறேன். அது எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

பேத்தி நிர்வாகப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப்போகிறாள். பரீட்சை கம்ப்யூட்டரில்தான், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கப் பென்சில் வேண்டுமாம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கஷ்டமாம்மா?" என்றேன்.

"கஷ்டம்கூடப் பரவால்ல தாத்தா. சரியா போட்டா மூணு மார்க். தப்பா போட்டா இருக்கறதுல ஒண்ணு போயிடும். தெரியலன்னா தொடவே கூடாது."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டேன். "இந்தச் சட்டத்தப் போட்டது யார் தெரியுமா? உன் தாத்தன்!"

பென்சில் தூள் பறக்கிற மாதிரி சிரித்தாள். நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

சீவிய பென்சிலின் வாசனைக்கு என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகிற சக்தி உண்டு. துறைமுகத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆயுதமே பென்சில்தான். புளிமூட்டை, பதப்படுத்தாத தோல், ஈரச்சணல் என்று ஆளை அடிக்கிற நாற்றங்களுக்கு நடுவே, காதில் செருகிய பென்சில் ஒன்றுதான் மணக்கும். கப்பலிலிருந்து கிரேன் தூக்கி இறக்கும் மூட்டைகளை எண்ணுவது என் வேலை. நாலு மூட்டைக்கு நாலு நேர்கோடு, அஞ்சாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. கை தானாகப் போடும்.

எங்கள் மேஸ்திரிக்கு ஒரு வழக்கம். கிரேனின் ஒவ்வொரு தூக்குக்கும் சரியாக எண்ணியவன் பெயருக்கு நேரே கரும்பலகையில் ஒரு கோடு. எண்ணத் தவறிக் காலியாக விட்டால் ஒன்றுமில்லை, திரும்ப எண்ணிக்கொள்ளலாம். குத்துமதிப்பாகப் போட்டு அது தப்பானால், வாங்கின கோட்டில் ஒன்றை அழித்துவிடுவார். கோடு அதிகம் உள்ளவனுக்கே மறுநாள் வேலை.

அப்போது ராயபுரத்தில் டிராம் திரும்புகிற மூலையில், எண்ணெய்க்கடை மாடியில், ஒரு மாலைநேர வணிகப் பள்ளி நடந்தது. அதன் சான்றிதழ் இருந்தால் போதும், வெயிலில் நின்று எண்ணுகிறவன் ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்காரலாம். எனக்கு அந்த ஃபேன் மேல் அப்படி ஓர் ஆசை. இருபது இடம். அதற்கு நுழைவுத் தேர்வு: நூறு வாக்கியம், அத்தனையும் இங்கிலீஷ். சரி என்றால் டிக், தப்பு என்றால் பெருக்கல் குறி. நானும் போனேன், என்னோடு மூட்டை எண்ணிய வண்ணாரப்பேட்டை காதரும் வந்தான். அவன் எட்டாவது வரை படித்தவன்.

எனக்கு ஒரு வாக்கியமும் புரியவில்லை. புரியவில்லை என்பதற்காகப் பேப்பரைச் சும்மா திருப்பிக் கொடுக்கிற ஆளா நான்? நூறு கட்டத்தையும் பத்து நிமிஷத்தில் நிரப்பிவிட்டு, மீதி நேரம் காக்காய் பார்த்தேன்.

சனிக்கிழமை கதவில் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு, பத்தொன்பதாவது இடம். காதர் பட்டியலிலேயே இல்லை; உள்ளே போய்க் கேட்டதில் நாற்பத்தைந்து என்றார்கள். பாதிக் கேள்வியைத் தொடாமல் விட்டிருக்கிறான்.

"இன்னா மாமு, காலியா வுட்டுட்டு வந்தா கலங்கரை விளக்கமா வந்து எழுதும்?" என்று சீண்டினேன்.

"தெர்லன்னா வுட்டுறணும்பா. மேஸ்திரி அதானே சொல்லிக் குட்த்தாரு?" என்றான் காதர், முகம் வாடி.

திங்கட்கிழமை பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் என் தாள். பக்கத்தில் ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலமான பென்சில்.

"இது என்னப்பா? நாலு டிக், ஒரு பெருக்கல். நாலு டிக், ஒரு பெருக்கல். கடைசி வரைக்கும் இப்படியே போகுது?"

அப்போதுதான் நானே பார்த்தேன். கை மூட்டை எண்ணியிருக்கிறது.

"ஒண்ணும் படிக்காமதான் சார் போட்டேன். அப்டியும் அம்பத்திரண்டு!" என்றேன். மார்பை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தெரிஞ்சவனையும் தெரியாதவனையும் நான் எப்படிப் பிரிக்கறது?"

இங்கேதான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினால் அது என் வாயா? "இது ஒரு பேஜாரா சார்? எங்க மேஸ்திரிய கேளுங்க" என்று கரும்பலகை, கோடு, அழிப்பு, எல்லாவற்றையும் கையை ஆட்டி விளக்கினேன். அவர் கண் விரிந்தது. சிவப்பு முனையை என் தாள்மேல் வைத்தார்.

"அம்பத்திரண்டு சரி. நாப்பத்தெட்டு தப்பு. கழிச்சா நாலு."

"சார்! நான் அட்த்த வருசத்துக்குச் சொன்னேன் சார்!"

"நல்ல சட்டத்துக்கு நாள் பார்க்கக் கூடாதுப்பா."

மாலையில் பழைய பட்டியல் மேலேயே புதுப் பட்டியல் ஒட்டினார்கள். காதருக்கு அஞ்சு தப்பு போக நாற்பது, பதினோராவது இடம். டீக்கடையில் என் தோளில் கை போட்டான். "உன் வாயி நல்லாக்கணும் மாமு. எனக்கு சீட்டு வாங்கிக் குட்த்துச்சு." மூன்று நாள் அவனோடு பேசவில்லை. பிறகு நான் கம்பெனி தொடங்கியபோது இங்கிலீஷ் கடிதம் அத்தனையும் அவன் கையெழுத்துதான் என்பது வேறு விஷயம்.

இன்று டிராம் இல்லை. எண்ணெய்க்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வருகிறது; மூட்டையும் இல்லை, எண்ணுகிறவனும் இல்லை, கரும்பலகையும் இல்லை. காதரும் போய்விட்டான், எனக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. அந்த மைனஸ் மட்டும் மிஞ்சியிருக்கிறது, என் பேத்தியை மிரட்டிக்கொண்டு.

பரீட்சை நடத்துகிற பெரிய மனிதர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். கேள்வி வருகிற கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் என் பெயரைப் போடுங்கள். மேஸ்திரி பெயரையும் பக்கத்தில் போட்டால் ஆட்சேபம் இல்லை. அதற்கு மனசு வரவில்லையென்றால், அன்றைக்கு என்னிடம் கழித்த நாற்பத்தெட்டையாவது திருப்பிக் கொடுங்கள்.