ஜாகா ஐயாவுக்கு வைத்த தூக்கப் பரிசோதனை

மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் பால்மரம் சீவிய ஐயாவு, எஸ்டேட் விலைபோன பிறகு ஈப்போவில் ஒரு கிடங்குக்கு இரவுக் காவல் பார்க்கும் ஜாகா ஆனார். பகல் தூக்கத்தில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றுபோகிறதென்று மனைவி காளியம்மா பயந்தாள். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கச் சொன்னார்கள்.

தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டிய நர்ஸ் மிஸி, "நீங்க தூங்குங்கண்ணே, நான் முழிச்சுப் பாத்துக்கிறேன்லா," என்றாள்.

தூங்குகிறவனிடம் எதைச் சோதிப்பார்கள், எப்படித் தூங்கினால் பாஸ், ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மிஸி நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். மெஷின் மட்டும் தாளில் கோடு கிறுக்கிக்கொண்டிருந்தது. ஐயாவு எழுந்து உட்கார்ந்தார்.

காலையில் டாக்டர் தாளைப் புரட்டினார். "ராத்திரி முழுக்க ஏன் தூங்கல?"

இதென்ன கேள்வி என்று ஐயாவுக்குக் குழப்பமாக இருந்தது.

"ரெண்டு பேரும் தூங்கிட்டா மெஷின யாரு பாத்துக்கிறது டாக்டர்?"