பாலைவனத்துக்கு அனுப்பிய மழை

என் மனைவி தாதியாக வேலை செய்யும் நாட்டில் மழை பெய்தால் அது செய்தி. போன் எடுத்ததும், "அங்க மழையா?" என்றுதான் கேட்பாள். பேச்சுக்கு இடையே கேட்க வைக்கலாம் என்றால், போன் மழையை வெறும் இரைச்சல் என்று வடிகட்டிவிடும். அதனால் அவள் வளர்ந்த தோட்டத்து வீட்டில், மாமனார் தனியாக இருக்கும் அந்தத் தகரக் கூரைக்கடியில், உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையையும் மைக்கையும் போன வருடம் மாட்டினேன். கூரையில் மழை விழும் சத்தம் நேராக அவளுக்குப் போகும். 'உன்னைத் தேடுது' என்று சொல்ல வாய் வராத ஆண் எவ்வளவு வயர் இழுப்பான், பாருங்கள்.

அன்று அவளுக்கு விடுமுறை. மாமனாரின் தோட்டம் இருக்கும் மம்பாவ் பக்கம் வானம் கறுத்தது. சத்தம் விட்டுவிட்டு வருகிறதே என்று அன்று காலைதான் நிரலைத் திருத்தி, ராசா ஊரில் இருக்கும் என் வீட்டு மடிக்கணினியிலேயே கட்டியிருந்தேன். மடிக்கணினியின் செயலி வேறு, பலகையின் செயலி வேறு. எந்தச் செயலிக்காகக் கட்டுகிறோம் என்பதைக் நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு, ஃபிளேக் என்ற குறிப்பைப் போட்டுச் சொல்ல வேண்டும். சொன்னேன். சோதித்துப் பார்க்க மேஜையில் வைத்திருந்த இன்னொரு பலகையில் ஜம்மென்று ஓடியது. தோட்டத்துப் பலகைக்கு இணையத்தில் அனுப்பினால், தொடங்கிய நொடியே செத்தது. தனக்குத் தெரியாத கட்டளையாம். பழைய நிரலுக்குத் திரும்பலாமென்றால், அதன் மேலேயே புதியதை எழுதிவைத்த புத்திசாலி நான்.

ரசத்தில் உப்புப் போடுவது போல ஃபிளேக் மாற்றி ஃபிளேக் கொட்டினேன். ஒன்றைச் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே போட்டேன்.

மாமனார் கூப்பிட்டார். "மாப்ள, டப்பால லைட்டு படபடன்னு மின்னுது. பொம்பாவ கூப்பிடவா?" தீயணைப்பு வண்டியைச் சொல்கிறார்.

"வேணாம் மாமா! மழ வந்துருச்சா?"

"வெளுத்து வாங்குது லா. இந்தப் பழச கழட்டிட்டு புதுசா ஒண்ணு மாட்டுங்க மாப்ள."

பழசு! தோட்டத்தில் இருப்பது போன வருடத்துப் பலகை, பழைய செயலி; மேஜையில் இருந்தது இந்த வருடம் வாங்கிய புதுப் பலகை. அதன் செயலிக்கான ஃபிளேக்கை அல்லவா முதலில் எழுதி, கடைசிவரை தொடாமல் வைத்திருந்தேன்! அந்த ஒன்றைப் பழைய செயலிக்கு மாற்றிக் கட்டி அனுப்பினேன். நிரல் உயிரோடு நின்றது.

மழை நின்றிருந்தது.

அவளைக் கூப்பிட்டு, கேட்கச் சொன்னேன். கூரை விளிம்பிலிருந்து வாளியில் சொட்டும் சத்தம். நடுவில் மாமனாரின் முணுமுணுப்பு: "மாப்ளைக்கு மூள கொழம்பிருச்சு." அவள் சிரித்தாள்.

"மழதான் நின்னுருச்சே. வெச்சிரவா?"

"வைக்காதீங்க. இன்னும் சொட்டுது."

அவள் மூச்சு கேட்டது. நானும் வைக்கவில்லை.