இடது கதவில் நாலு, வலது கதவில் ஏழு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிகளுக்கு வார்ப்பு உதிரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், குப்புராஜ் இருபத்து நாலு வருஷமாக ‘வேண்டாம்’ என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறார். வேலையின் பெயர் இறுதித் தர ஆய்வாளர். ஷிப்டுக்கு நானூறு உருப்படி அவர் மேஜைக்கு வரும். அளந்து பார்ப்பார், ஒத்துவரவில்லை என்றால் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. அவர் லீவில் போனால் உற்பத்தி கூடுகிறது என்றும், அடுத்த மாதம் திரும்பி வரும் சரக்கும் கூடுகிறது என்றும் மேலாளர் ஒரே மூச்சில் சொல்வார். அது பாராட்டா புகாரா என்று குப்புராஜ் கேட்டுக்கொண்டதில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அளவு வரைபடத்துக்கு ஒத்து வராவிட்டாலும், உருப்படி வேலைக்கு ஆகும் என்று தோன்றினால், மஞ்சள் சீட்டு ஒன்றில் குறைகளை வரிசையாக எழுதி, கீழே ‘உள்ளபடியே ஏற்கலாம்’ என்று கையெழுத்திட்டு அனுப்பிவிடலாம். அதற்குக் கன்செஷன் சீட்டு என்று பெயர். கையெழுத்துப் போட்டவர் பெயர், அந்த உருப்படி உடையும் நாள் வரை அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குப்புராஜ் இதுவரை ஒரு சீட்டில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அவருக்குக் கொடுத்த மஞ்சள் புத்தகம் வாங்கிய பளபளப்பு மாறாமல் இழுப்பறையில் கிடக்கிறது.

இப்படி ஒரு ஆளைப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் சும்மா விடுவார்களா? புதுவாயலிலிருந்து ஊத்துக்கோட்டை வரை யார் பழைய கார் பார்க்கக் கிளம்பினாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். கூலி வாங்க மாட்டார். நாஷ்டா வாங்கிக் கொடுத்தால் போதும். “குப்புராஜ் வாணான்ட்டாரு” என்றால் விற்கிறவரும் மேற்கொண்டு வாயைத் திறப்பதில்லை. சொன்னதை அவர் ஒருமுறைகூட மாற்றிக்கொண்டதில்லை. வேறு ஆடம்பரம் எதுவும் இல்லாத மனிதருக்கு அந்த ஒன்றாவது இருக்கட்டுமே.

போன ஆடி மாதம் அவரைக் கூப்பிட்டவர் ஹனீப். பழவேற்காட்டில் ஃபைபர் படகுகளுக்கு ரெசினும் கண்ணாடி நார்ப் பாயும், படகு எஞ்சின் சாமானும் விற்கிற கடை அவருடையது. இரண்டு பேரும் பொன்னேரியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து ஹனீபுக்கு வந்த பம்ப் ஒன்று வெளிநாட்டுப் பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு வந்தது. அந்தத் தாளில் ஒரு பச்சைக் கார். தரையோடு தரையாக, இரண்டே இருக்கை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துப் பட்டறையில், வருஷத்துக்கு இருநூறு மட்டும், கையால் செய்கிற கார். கிரீஸ் கறையோடு அந்தத் தாள் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது, அங்கேயே இருந்தது. இப்போது அதே ரகக் கார் ஒன்று கடம்பத்தூரில் விற்பனைக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் ஹனீப் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனை எடுத்துக்கொண்டு குப்புராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ரெண்டே சீட்டா பாய்?” என்றார் குப்புராஜ்.

“ஆமா.”

“வீட்ல நஜ்மா ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லிச்சு. ‘நீங்களும் உங்க ஃப்ரெண்டும் போய்க்கினு இருங்க, நான் ஷேர் ஆட்டோல வர்றேன்’னிச்சு.”

விற்பவர் தானியேல், ஓய்வு பெற்ற கப்பல் என்ஜினியர். ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாந்தோப்பு நடுவில் வீடு. பதினாலு வருஷத்துக்கு முன்னால் சென்னை முதலாளி ஒருவர் புதிதாக இறக்குமதி செய்த கார், கை மாறி மூன்றாவதாக அவரிடம் வந்திருந்தது. ஏன் விற்கிறீர்கள் என்றதற்கு முழங்காலைத் தொட்டுக் காட்டினார். “உள்ள உக்கார்றது ஈஸி. எழுந்திருக்கறதுக்குத்தான் ரெண்டு ஆளு வேணும்.”

குப்புராஜ் பையிலிருந்து அளவுத் தகடுகளை எடுத்தார். பல கனத்தில் தகடுகள், விசிறி மாதிரி விரியும். இடுக்கில் நுழைத்தால் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். கதவுக்கும் காருக்கும் இடையில் விட்டுப் பார்த்தார். இடது பக்கம் நாலு. வலது பக்கம் ஏழு. மறுபடி பார்த்தார். ஏழுதான்.

“இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?” என்றார் ஹனீப்.

“அடிபட்ட வண்டி பாய். கதவு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வர்ல. வாணாம்.”

“அது பொறந்ததே அப்படித்தான் சார்” என்றார் தானியேல்.

“விக்கிற எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க.”

  ஹனீப் ஒரு தடவை காரைச் சுற்றி வந்து, முன்பக்கத்தை உள்ளங்கையால் தடவிவிட்டு, வேனில் போய் உட்கார்ந்தார். நாஷ்டா வாங்கிக் கொடுக்க மறக்கவில்லை. தான்தான் சாப்பிடவில்லை.

புதன்கிழமை, குப்புராஜ் பழவேற்காடு பக்கம் ஒரு வேலையாகப் போனவர் கடையில் எட்டிப் பார்த்தார். சுவரில் அந்தத் தாள் இல்லை. இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. ஹனீப் யாருக்கோ ரெசின் அளந்து ஊற்றிக்கொண்டே, “வா குப்பு, டீ சொல்லட்டா?” என்றார். கோபமாகப் பேசியிருந்தால் குப்புராஜ் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

மறுநாள் தொழிற்சாலையில் ஒரு உருப்படிமேல் சிவப்புக் குறி போடத் தூரிகையை எடுத்தார். குறி போடுவதற்கு முன்னால் வரைபட எண்ணைச் சரிபார்ப்பது கை தானாகச் செய்கிற வேலை. வரைபடம் இல்லாமல் ஒன்றைத் தள்ளினால் அது ஆய்வு இல்லை, வாய்ச்சண்டை என்று அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். தூரிகை அந்தரத்தில் நின்றது. அந்தக் காருக்கு நான் எந்த வரைபடத்தைப் பார்த்தேன்?

எதையும் பார்க்கவில்லை. லட்சக்கணக்கில் பிரஸ்ஸில் அடித்து இறக்கும் கார்களின் கதவை மனசில் வைத்துக்கொண்டு, இருநூறு காரைக் கையால் செய்கிற பட்டறையின் கதவை அளந்திருந்தார். சராசரி என்று ஒன்று இருக்க வேண்டுமானால் முதலில் ஒரு கூட்டம் இருக்க வேண்டும். லட்சம் வண்டி ஓடினால் எது எப்போது போகும் என்பதைத் தெருமுனை மெக்கானிக்கே சொல்லிவிடுவார். இருநூறு ஓடுகிற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தன் சொந்த வியாதி.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, அந்த ரகக் காரை வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் போட்டிருந்த படங்களைத் தேடினார். இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிகிற முப்பத்தொரு கார்கள் கிடைத்தன. கதவுப் பிடியின் நீளத்தைக் கணக்காக வைத்துக்கொண்டு, ஃபோன் திரைமேல் ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்து இடைவெளிகளை அளந்தார்.

“ஏங்க, யாருங்க அது, ஃபோன்ல ஸ்கேலு வெச்சு அளந்துக்கினு கீறீங்க?” என்றாள் மனைவி அருணா.

“கார் கதவு.”

“நல்ல வேள.”

இருபத்தெட்டு காரில் வலது இடைவெளிதான் பெரியது. மூன்றில் மட்டும் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருந்தது. அந்த மூன்றின் கீழே உரிமையாளர்களே எழுதியிருந்தார்கள்: விபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டியது. குப்புராஜ் ஸ்கேலைக் கீழே வைத்தார். நேராக இருந்தால்தான் கோளாறு என்கிற ஒரு உலகம் இருப்பதாக இருபத்து நாலு வருஷத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தானியேலுக்கு ஃபோன் போட்டார். கார் இன்னும் போகவில்லை; சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார் என்றார். அடுத்து ஹனீபுக்கு.

“பாய், அந்தக் கதவு விஷயத்துல நான் தப்பா சொல்லிட்டேன்.”

 “யார் பேசறது?”

“குப்புராஜ்.”

“குப்புராஜ் இப்படிப் பேச மாட்டானே.”

சனிக்கிழமை ஏழரை மணிக்கெல்லாம் இருவரும் மாந்தோப்பில் இருந்தார்கள். குப்புராஜ் முதலில் தானியேலிடம், “அன்னிக்கு நான் சொன்னது தப்பு சார்” என்றார். அந்த வார்த்தை புதுச் செருப்பு மாதிரி கடித்தது. தானியேல் மணியைப் பார்த்து, “பதினோரு மணிக்குள்ள பாத்து முடிச்சிடுங்க” என்றார், அவ்வளவுதான்.

இந்தத் தடவை குப்புராஜ் வேறு மாதிரி பார்த்தார். எஞ்சின் ஒரு பெரிய ஜப்பான் கம்பெனியுடையது, லட்சக்கணக்கில் ஓடுவது, அதற்குப் பயமில்லை. பயம் எல்லாம் அந்தப் பட்டறை தன் கையால் செய்த சின்னச் சாமானில். அடியில் படுத்துக்கொண்டு இரும்புச் சட்டத்தைச் சுத்தியால் தட்டித் தட்டித் துரு இருக்கிறதா என்று காது கொடுத்தார். ரேடியேட்டர் விசிறி நம் வெயிலுக்குச் சின்னது. ஜன்னல் சுவிட்ச் என்றோ நின்றுபோன வேறு ஒரு காரிலிருந்து எடுத்தது, போனால் கிடைக்காது. உடம்பு முழுக்க ஃபைபர் என்பதால் எந்த விளக்குக்கும் எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வழி, தானாகக் கிடைக்காது. தனி ஒயர் இழுத்திருந்தார்கள், முடிச்சுகள் பச்சை பூத்திருந்தன. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

கடைசியாக முன்பக்க மூக்கு. அது உடம்போடு சேர்கிற இடுக்கில் தகட்டை நுழைத்தார். இடது ஐந்து. வலது ஐந்து. மேலே ஐந்து.

அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். இந்தக் காரில் எதுவுமே இவ்வளவு சரியாக இல்லை.

“சார், இந்த மூக்கு அந்த இங்கிலாந்து பட்டறைலேர்ந்து வந்தது இல்ல.”

தானியேல் மாமரத்தைப் பார்த்தார். “எனக்கு முன்னாடி வெச்சிருந்தவரு சொன்னாரு. தடா செக்போஸ்ட்டாண்ட ஒரு டிப்பர் ரிவர்ஸ் வந்து மூக்க நசுக்கிடுச்சாம். அவரு காசிமேட்டுல ஒரு படகு செய்யறவர்கிட்ட குடுத்துப் புதுசா பண்ணியிருக்காரு. நான் சொல்லியிருக்கணும். நீங்க கதவப் பாத்து அடிபட்ட வண்டின்னதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. கதவு அடிபடல சார்.”

ஆக, அடிபட்ட வண்டிதான். போன ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் சொன்ன வார்த்தை அட்சரம் பிசகாமல் உண்மை. இப்போது அவர் செய்ய வேண்டியதெல்லாம் எழுந்து நின்று, ‘நான்தான் அன்னிக்கே சொன்னேனே’ என்பதுதான். இருபத்து நாலு வருஷப் பெயர் கீறல் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிடும். ஹனீபும் நம்பிவிடுவார். குப்புராஜுக்குக் கடைச் சுவரில் பார்த்த அந்தச் சதுரமான வெளுப்பு ஞாபகம் வந்தது.

ஹனீப் அதற்குள் தரையில் மல்லாந்து, மூக்கின் உட்புறத்தில் தலையை விட்டிருந்தார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“குப்பு, இது நம்ம கண்ணாடி நார்ப் பாயிடா! அஞ்சு அடுக்கு போட்டுக்கீறான். படகுக்குப் போட்ற மாதிரி. சுனாமி வந்தாலும் இது ஒடையாது.” தலையை வெளியே எடுத்தார், மூக்கு நுனியில் தூசி. “இந்த வண்டியிலயே நம்பறாப்ல இருக்கறது இது ஒண்ணுதான். ஒடஞ்சாலும் எங் கடைலயே சாமான் கீது.”

“மத்ததுக்கு இன்னா பண்ணுவே பாய்?”

“முப்பது வருஷமா படகு எஞ்சின் விக்கிறேன். கடல்ல நட்ட நடுவுல நிக்காத எஞ்சின் எதுனா நீ பாத்துக்கீறியா? நிக்கும். நின்னா இன்னா பண்றதுன்னு தெரிஞ்சவன்தான் கடலுக்குப் போறான். நிக்கவே நிக்காதுன்னு உங்கிட்ட யாரு கேட்டாங்க? எதெது நிக்கும்னு சொல்லு, போதும்.”

இது குப்புராஜுக்குப் புதிது. அவரிடம் இதுவரை வந்தவர்கள் எல்லோரும் ‘ஒன்றும் ஆகாதே?’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆகும் என்றுதான் அவரும் சொல்லி வந்திருக்கிறார். என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

“பாய், நான் அன்னிக்குச் சொன்னது சரியாப் போச்சு. ஆனா நான் சரியாச் சொல்லல. கதவப் பாத்து சொன்னேன். கதவு நல்லா கீது. அத முதல்ல தெரிஞ்சிக்கோ.”

சொல்லிவிட்டுப் பையில் கைவிட்டார். மஞ்சள் புத்தகத்தை முந்தின நாளே எடுத்து வைத்திருந்தார். ஏன் என்று அப்போது தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. தொழிற்சாலைச் சொத்தை வெளியே கொண்டு வந்ததும் அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. காரின் பின்பக்கத்தில் புத்தகத்தை வைத்து, பத்து குறைகளை எண் போட்டு எழுதினார். கீழே எழுதினார்: உள்ளபடியே ஏற்கலாம். பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு முழுப் பெயரும் போட்டு, சீட்டைக் கிழித்து ஹனீபிடம் நீட்டினார்.

தானியேல் பெங்களூருக்கு ஃபோன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

அடுத்த வியாழக்கிழமை ஹனீப் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்னால் வேனில் குப்புராஜ். திருவள்ளூர் தாண்டி, பெரியபாளையம் வழியாக வந்து, புதுவாயல் கூட்ரோட்டில் டீக்கடைக்கு முன்னால் கார் நின்றது. விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளர்கள் சுற்றி நின்று ஃபோனில் படம் எடுத்தார்கள். “இன்னா பாய், பொம்மக் காருக்குச் சாவி குடுக்க மறந்துட்டியா?” என்றது ஒரு குரல்.

குப்புராஜ் வேனை ஓரம் கட்டி இறங்கினார். கிளம்பியதிலிருந்தே எது முதலில் போகும் என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்திருந்தார். கார் நின்றதும் ஏனோ அந்தக் கவலை போய்விட்டது.

ஹனீப் மஞ்சள் சீட்டைப் பிரித்து விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். “நாலாவது. ‘எர்த் ஒயர் முடிச்சு.’ எழுதிக்கீறே.” குரலில் குறையே இல்லை, பெருமை மாதிரிகூட இருந்தது. “ஒண்ணு முடிஞ்சிது. இன்னும் எத்தினி குப்பு?”

“ஒம்பது” என்றார் குப்புராஜ். சட்டைப் பையிலிருந்து, காலையிலேயே வெட்டி முனை சீவி வைத்திருந்த ஒயரை எடுத்தார்.