ஸ்டெல்லா அக்கா கேட்ட பத்து நாட்கள்

வியாழக்கிழமை காலை சாலை பஜாரில் உள்ள என் கடையில் அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஆட்டோ ஓட்டும் அனிலிடமிருந்து அழைப்பு வந்தது. “சேட்டா, நம்மட ஸ்டெல்லா சேச்சி போயி” என்றார். அக்கா இறந்துவிட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, “நாய்களையெல்லாம் யாரு பாக்குதா?” என்பதுதான். அதை எட்டு மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அப்போது கேட்காத வாய் இப்போது கேட்டது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழித்துறைப் பக்கம் பிறந்தவர். திருமணமாகித் திருவனந்தபுரம் வந்து, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கணவர் முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கரமனையில் இரண்டு அறையும் கொஞ்சம் முற்றமுமாக ஒரு வீடு. ஆஸ்பத்திரியில் சேருபவர்களின் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சிறிய அறக்கட்டளைக்கு அதுதான் அலுவலகம், அதுதான் கொட்டில்.

அது தொடங்கிய கதையை அக்கா அடிக்கடி சொல்வார். தம்பானூரில் லாட்டரிச் சீட்டு விற்ற முதியவர் ஒருவர் காலில் சீழ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்நோயாளியாகச் சேரச் சொன்னால் முடியவே முடியாது என்றார். டாக்டர் கடிந்துகொண்டார். அக்கா மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “வீட்டுல யாரு உண்டு?” என்று கேட்டார். ஒரு நாய் உண்டு. அது ஆஸ்பத்திரி வாசலில்தான் படுத்திருந்தது. “அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க உள்ள போங்கோ. வெளிய வாரது வரைக்கும் அது எனக்க பொறுப்பு” என்றார் அக்கா. முதியவர் அதற்குப் பிறகுதான் சிகிச்சைக்குக் காலை நீட்டினார்.

அந்த நாய் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் அக்கா முதியவரின் துவைக்காத சட்டையை வாங்கிவந்து விரித்தார். அதன்மேல் படுத்த பிறகு கஞ்சி குடித்தது. அன்றிலிருந்து எந்தப் பிராணியை ஏற்றாலும், உரிமையாளர் உடுத்திய துணி ஒன்றையும் சேர்த்தே வாங்குவார். மாலையில் பார்வையாளர் நேரத்துக்குப் போய், செல்போனில் எடுத்த படத்தை அவர்களுக்குக் காட்டுவார். நாய் வளர்ப்பவர்கள், பூனை வளர்ப்பவர்கள், ஒரே ஓர் ஆட்டை நம்பிப் பிழைப்பவர்கள் என்று எத்தனையோ பேர் அவர் கொடுத்த வாக்கை நம்பி ஆப்பரேஷனுக்குச் சம்மதித்தார்கள்.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. அக்கா முதல்முறை கடைக்கு வந்து குருணை கேட்டபோது, “மனுஷனுக்கே அரிசி இல்ல, நாய்க்கா?” என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. “நாய்க்கு கேக்கல தம்பி. அந்த ஆளு ஆஸ்பத்திரியில படுக்கணும்லா, அதுக்குத்தான் கேக்குதேன்” என்றார். அன்று குருணை மூட்டை கொடுத்தவன், அடுத்த ஆண்டு அறக்கட்டளைக்குச் செயலாளர் ஆனேன்.

சேர்க்கும்போது ஒரு தாள் நிரப்புவோம். பிராணியின் பெயர், என்ன தின்னும், எதற்குப் பயப்படும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: உரிமையாளர் திரும்பி வராவிட்டால் யார் வைத்துக்கொள்வார்கள்? பெரும்பாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும். யாரும் முன்வராவிட்டால் அக்கா தன் பெயரை எழுதிவிடுவார். ஏழு நாய்கள், ஒரு பூனை, ஓர் ஆடு என ஒன்பது உயிர்கள் அவர் வீட்டில் தங்கிப்போனது அப்படித்தான். ஒன்பதும் திரும்பி வராதவர்களுடையவை. அக்கா படுத்தால் இவற்றை யார் பார்ப்பார்கள் என்று ஒரு தாள் நிரப்ப அனிலும் நானும் உட்பட அறக்கட்டளையில் இருந்த எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் இதே வேலையைச் செய்த எங்களுக்குத் தோன்றவில்லை.

போன ஓணத்துக்கு முந்தைய வாரம் கடைக்கு வந்தார். கையில் ஸ்கேன் கவர் இருந்தது.

“தம்பி, மாருல ஒரு கட்டி. உடனே ஆப்பரேஷன் செய்யணும்னு சொல்லுதாவ. பத்து நாளு போதும். எனக்க பிள்ளைகளுக்கு ஒரு இடம் பாக்கணும்.”

கடையில் ஆள் நெருக்கடி. “ஓணம் கழியட்டும்க்கா. நானே ஏற்பாடு செய்யுதேன்” என்றேன்.

“சாரமில்ல, பரவால்ல. கட்டி எங்கயும் ஓடிப்போவாது” என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஓணம் கழிந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இரண்டு முறை நினைவு வந்தது. அனில் பார்த்திருப்பார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அக்காவும் வழக்கம்போல் வேலையில் இருந்தார். தை மாதத்தில் முற்றத்தில் மயங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடினோம். இனி ஆப்பரேஷன் செய்து பலனில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் வாழ்நாளையெல்லாம் ஆஸ்பத்திரியில் கழித்தவருக்கு அங்கே ஒரு படுக்கை வேண்டியதில்லாமல் போயிற்று.

கடைசியாகப் பார்க்கப் போனபோது நாய்கள் கட்டிலைச் சுற்றிப் படுத்திருந்தன. பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். “ஏங்க்கா மறுபடி கேக்கல?” என்றேன்.

“மத்தவியளுக்குன்னா நூறு தடவ கேப்பேன் தம்பி. எனக்குன்னு வந்தா ஒரு தடவைக்கு மேல நாக்கு எழும்ப மாட்டேங்கு” என்றார்.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபோது அனில் தலைகுனிந்தபடி, “என்னோடும் சோதிச்சு சேட்டா. மோளுடெ பரீட்ச கழியட்டேன்னு ஞான் பறஞ்சு” என்றார். அவரிடமும் அக்கா கேட்டிருக்கிறார்; மகளின் பரீட்சை முடியட்டும் என்று சொன்னாராம். எங்களில் ஒருவருக்கு வீட்டில் பெயிண்ட் அடிக்கும் வேலை. இன்னொருவருக்குத் தங்கை கல்யாணம். ஐந்து பேரிடமும் தலா ஒரு முறை கேட்டிருக்கிறார். ஐந்து பேரும் ஆளுக்கொரு நாளைத் தள்ளிச் சொல்லியிருக்கிறோம். அவரைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினோம், படம் எடுத்துப் பகிர்ந்தோம், மூட்டை மூட்டையாகக் குருணை கொடுத்தோம். பத்து நாட்களைத்தான் கொடுக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். வெட்கம்தான் காரணம்.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டு முற்றத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்து போனை எடுத்தோம். அனில் இரண்டு நாய்களை ஏற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மா பூனையைக் கேட்டு வாங்கினார். ஆட்டுக்கு நேமத்தில் ஒரு தொழுவம் கிடைத்தது. நாய் ஆகாத நானே ஒன்றைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். மீதி நான்குக்கும் நான்கு வீடுகள் சரி என்றன. ஒன்பதரைக்கு உட்கார்ந்தோம். எல்லாம் முடிந்து மணி பார்த்தபோது பத்தே கால்.

ஒன்பதுக்கும் இடம் பார்த்துவிட்டோம் அக்கா. இனி நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.