மூலையில் கருப்பு இல்லாத கடிதம்

காரைக்குடியில் நான் தட்டச்சுப் பள்ளி நடத்திவந்தேன். சுற்று வட்டாரத்தில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் எனக்கு அறவே பிடிக்காத சொல் ‘ரிக்ரெட்’. வேலை இல்லை என்றாலும் ரிக்ரெட், விசா இல்லை என்றாலும் ரிக்ரெட். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைக் கைகூப்பிக்கொண்டே செய்வார்கள். எரிச்சலில் ஒருநாள் பெரிய அகராதியைப் புரட்டினேன். பழைய பிரெஞ்சில் அதற்குச் செத்தவரை நினைத்துப் புலம்பி அழுவது என்று பொருளாம். பிறகு செய்த தப்புக்கு மனம் நோவதாகி, கடைசியில் வெறும் ஆபீஸ் மரியாதையாகத் தேய்ந்துவிட்டது.

நேமத்தான்பட்டி மீனாளின் கணவர் பூமிநாதன், ரங்கூனுக்குத் தச்சு வேலைக்குப் போனவர். அறுபத்திரண்டாம் வருடத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பியபோதும் அவர் வரவில்லை. மீனாள் ஒரு வீட்டில் சமையல் செய்து பிழைத்துக்கொண்டு, என்னைக் கொண்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டாள். தகவல் ஏதுமில்லை, ரிக்ரெட் என்று முதல் பதில் வந்தது.

இரண்டாவது பதில் அறுபத்தாறு ஆவணியில் வந்தது. உறையைப் பிரித்துக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள்.

“எளவுக் காயிதம்னா மூலையில கருப்பு தடவியிருப்பாகள்ல? நாலு மூலையும் பாத்துட்டேன், வெள்ளையாத்தான் இருக்கு. எப்ப வாராகளாம், வாசிச்சுச் சொல்லுங்கய்யா.”

வாசித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார், அங்கேயே அடக்கம் செய்தாயிற்று, ரிக்ரெட். சர்க்கார் எந்தக் காலத்தில் காகிதத்தில் கருப்பு தடவியது? நிமிர்ந்து பார்த்தால் அவள் நெற்றியில் இத்தனை பெரிய குங்குமம்.

“ஆள் இன்னும் கெடைக்கலையாம். வருத்தப்படுறாக” என்றேன்.

“பாவம், போன தடவையும் வருத்தப்பட்டாக. நான் இருப்பேன், மெதுவாத் தேடட்டும்னு எழுதிப் போடுங்கய்யா.”

கடிதத்தை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை பதினொரு வருடம் வரவில்லை. மாதம் தவறாமல் வந்து, “ஏதும் வந்துச்சாய்யா?” என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். நான் கோழை, வேறென்ன சொல்ல?

எழுபத்தேழில் மீனாள் இறந்தாள். மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, சுமங்கலியாகவே கிடத்தியிருந்தார்கள். அவள் அக்கா கண்ணாத்தாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“ஒன்னயத் தவிக்க விட்டுட்டு எவளோடயோ குடும்பம் நடத்துறானே அந்தப் பாவி! அவன் வெளங்குவானா?”

சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்து பூமிநாதனைச் சபித்தார்கள். அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. அது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நான் சொன்ன மறு நிமிடம் அவள் நெற்றிக் குங்குமத்தை அழித்துவிடுவார்கள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.